காந்தம் இழுத்த மெட்டி

ஏப்ரல் 8, செவ்வாய்

இடது கால் சிலிப்பருக்குள் போக மாட்டேன் என்கிறது. போன வாரம்கூட நன்றாகத்தானே போனது? வலி ஒன்றும் இல்லை. பாதம் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது. இரண்டாவது விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து கிடக்கிறது.

நாள் முழுக்க கேண்டீனில் நின்றால் கால் வீங்காமல் என்ன செய்யும் என்றார் ராக்காயி அக்கா. அவரும் நானும் சேர்ந்துதான் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறோம். அவரும்தான் நாள் முழுக்க நிற்கிறார். அவர் கால் வீங்கவில்லையே. ஆனால் அவருக்கு இனிப்புநீர் வியாதி கிடையாது, ரத்தத்தில் சீனி ஏறாது. எனக்குப் பல வருஷமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். டிவியில் பூப்பந்து. கண்ணை எடுக்காமலே, "கிளினிக் போலாம்லா" என்றார். என் காலைப் பார்த்துச் சொன்னாரா, பந்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது.

ஏப்ரல் 9

பள்ளியில் விளையாட்டுப் போட்டி. நாசி லெமாக் பொட்டலம் கட்டவே நேரம் போதவில்லை. கிளினிக் நாளைக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

கிளினிக்கில் நர்ஸ் மிசி என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் நூலால் பாதத்தில் குத்துவேன், குத்தும்போது சொல்லுங்கள் என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகிறதே என்று, "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டேன்.

"குத்தி முடிச்சாச்சு ஆண்ட்டி."

இரண்டு பாதத்திலும் குத்தி முடித்திருக்கிறார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுகூடப் பெரிசில்லை. அப்புறம் மெட்டியை லேசாக நகர்த்திப் பார்த்தார். அடியில் புண். எத்தனை நாளாக இருக்கிறதோ. இந்தக் காலோடுதான் தினமும் நின்று மீ கோரேங் பிரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெட்டியைக் கழற்றச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கட்டினவர் வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே மெட்டியைக் கழற்றுவதா? அம்மியில் காலை வைத்து அவர் போட்டுவிட்டது. அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அதே ஜோடிதான். என் நாத்தனார்களெல்லாம் தேய்ந்து போச்சு, உடைந்து போச்சு என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். என்னுடையது அப்படியே இருக்கிறது. நல்ல வெள்ளி என்றால் நல்ல வெள்ளி. அதைச் சொல்லிக் காட்டாத கல்யாண வீடு கிடையாது.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் பெயர் திருக்குமரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம் போல, பேச்சிலேயே தெரிகிறது. நல்ல மனுஷன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. நடுப்பாதத்தில எலும்பெல்லாம் உடைஞ்சு விலகியிருக்கு. எங்கயும் விழுந்தீங்களோ?"

விழவே இல்லை. விழுந்தாலும் இந்தக் காலுக்குத் தெரிந்திருக்குமா என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அவர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். இரண்டில் ஒன்று. புண் வழியாகக் கிருமி உள்ளே போய் எலும்பைத் தின்கிறது என்பது ஒன்று. இல்லையென்றால், நரம்பு செத்துப்போனதால் வலி தெரியாமல் நடந்து நடந்து எலும்பு தானாகவே நொறுங்கி மூட்டு குலைந்திருக்கிறது. அதற்கு சார்கோ என்று பெயராம். இரண்டிலும் கால் ஒரே மாதிரிதான் சிவக்கும், வீங்கும், சூடாகும். ஆனால் வைத்தியம் வேறே வேறே. சார்கோ என்றால் மாவுக்கட்டு போட்டு மாதக்கணக்கில் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். கிருமி எலும்புக்குள் போய் மேலே ஏறியிருந்தால் வெட்ட வேண்டி வரலாம்.

"விரலையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கெண்டு பாத்துத்தான்" என்றார். அவர் கை தானாகவே முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. அதை நான் பார்த்துவிட்டேன்.

அந்த விரல் எலும்பைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடுமாம். அங்கேதான் வெள்ளை வெளேரென்று மெட்டி நிற்கிறது. பார்க்க வேண்டிய இடத்தையே அது மறைத்துக்கொண்டிருக்கிறது. எப்படியும் எக்ஸ்ரே போதாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார். அது காந்த மெஷின், உலோகம் ஆகாது, மெட்டியைக் கழற்றினால் நல்லது என்றார். வெள்ளி காந்தத்தில் ஒட்டாதே டாக்டர் என்றேன். சரி, வெள்ளி என்றால் சமாளிக்கலாம் என்று செவ்வாய்க்கிழமைக்கு எப்படியோ இடம் வாங்கிக் கொடுத்தார். அதுவரை மருந்து, ஊசி. காலை ஊன்றவே கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்த்துப்போயிருந்தார். ஆஸ்பத்திரி ஏர்கோனில் எனக்குப் பல்லு கிட்டியது.

ஏப்ரல் 12

பினாங்கிலிருந்து தினேஸ்வரி கூப்பிட்டாள். "அம்மா, மெட்டி வேணுமா, கால் வேணுமா?"

ரெண்டும்தான் என்றேன். போனை வைத்துவிட்டாள். என் மகள்தானே, கோபம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. இவரே பாயசம் வைத்து சாமிக்குப் படைத்தார். எனக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது, கோப்பி ஓ கோசோங்தான், சீனி போடாதது. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சரளா, அந்த மெட்டிய எடுத்துட்டா என்ன?"

எனக்கு வந்ததே கோபம். நான் இருக்கும்போதே உங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்டுவிட்டேன். ரொம்பத் தப்பான பேச்சு, புத்தாண்டும் அதுவுமாக. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். வெள்ளைக் கோழி மாதிரி இந்த மனுஷன் ஏன் இப்படி வெளிறிப் போகிறார்? கால் என்னுடையதுதானே?

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆத்திரம் ஆத்திரமா வருது. கால் வலியில இல்ல. அது எனக்கு எங்க வலிக்குது.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தினேஸ்வரி சொன்னபடி தாலிக்கொடியைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். அதற்கு மட்டும் மனசு ஒப்பியது, கழுத்து காலியாக இல்லையே. தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளைப் பார்த்துவிட்டு அங்கே இருந்த பைசால் என்கிற மலாய்க்காரத் தம்பி சிரித்தான். இந்தியப் பெண்கள் எல்லாரும் ஊக்குக் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்த்தான். வாசலில் எல்லாருக்கும் அப்படிச் செய்கிறார்கள். மெட்டிக்குப் பக்கத்தில் போனதும் டக்கென்று ஒரு சத்தம். காந்தம் என் விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பைசால் நிமிர்ந்து பார்த்தான். "ஆண்ட்டி, இனி புக்கான் பேராக்."

வெள்ளி இல்லையாம். வெள்ளியின் பேரையே வைத்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் ஒரு சின்னப் பையன் சொல்கிறான், இது வெள்ளி இல்லை, இரும்புச் சாமான், உள்ளே விட முடியாது என்று. மெஷின் இழுக்கும், சூடாகும், படமும் அந்த இடத்தில் கறுப்பாகக் குழம்பிப் போகும், இதோடு எடுப்பதும் எடுக்காததும் ஒன்றுதான் என்றான். வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இவரு வெளியில பெஞ்சில உக்காந்திருக்காரு. என் மூஞ்சியப் பாத்ததுமே எழுந்திருச்சிட்டாரு. கேக்கவே இல்ல, என்ன ஆச்சுன்னு. தெரிஞ்சவருதான கேக்காம இருப்பாரு?

காடி ஓட்டிக்கொண்டு வரும்போது சொன்னார். கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, "நான்தான் பண்ணேன். சுங்காய் தோட்டத்து ஆலையில. லேத்துல கடைஞ்சு" என்றார்.

இத்தன வருஷம். எத்தன கல்யாண வீடு. எத்தன பேருகிட்ட காலத் தூக்கிக் காட்டியிருப்பேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த. என் காலு போகப்போற நேரத்துலயாவது சொல்லக்கூடாதா? ஒரு நாள் வீணாப்போச்சே, உள்ள அது ஏறிக்கிட்டு இருந்தா?

ஏப்ரல் 16

பேசவில்லை. அவரே மீன்குழம்பு வைத்தார். உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

டாக்டர் திருக்குமரன் திங்கட்கிழமை திரும்ப இடம் வாங்கிவிட்டார். அதற்குள் மெட்டி போக வேண்டும். போகட்டும். எந்த மெட்டிக்காகக் காலைக் கொடுப்பது, ஆலை இரும்புக்கா?

வலது கால் மெட்டி சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடதுதான் அசையவில்லை. அவசரப் பிரிவில் மோதிரம் வெட்டுகிற சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள், அதை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கருவியின் பல்தான் மழுங்கியது. இது எஃகு, எங்களால் முடியாது, பொம்பாவுக்குப் போங்கள் என்றார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு. காலில் நெருப்புப் பிடித்த மாதிரிதான் சிவந்திருக்கிறது, பொருத்தம்தான்.

சாயங்காலம் இவர் நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். கல்யாணத்துக்கு முதல் வாரம் தாப்பாவில் வெள்ளி மெட்டி வாங்கிக்கொண்டு சுங்காய்க்குப் பஸ் ஏறியிருக்கிறார். சட்டைப் பையில் வைத்தது, இறங்கிப் பார்த்தால் இல்லை. பஸ்ஸைத் துரத்திக்கொண்டு செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் ஏறிப் போயிருக்கிறார், கிடைக்கவில்லை. அவங்க அம்மாவிடம் சொன்னால் சகுனம் சரியில்லை, கல்யாணத்தைத் தள்ளிப் போடு என்பார்கள்.

"தள்ளிப் போட்டா நீ மனசு மாறிடுவேன்னு பயம்" என்றார்.

அதனால் ஆலையில் மிச்சம் கிடந்த, துருப்பிடிக்காத ஒரு வகை எஃகுக் குழாயை வெட்டி, லேத்தில் கடைந்து, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருக்கிறார். அப்புறம் நல்லதாக வாங்கி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். நான்தான் போகிற இடமெல்லாம் காலைக் காட்டிப் பெருமை பேச ஆரம்பித்துவிட்டேனே, எங்கே மாற்றுவது?

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் கோபமாக இருக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பொம்பா. சிவப்பு லோரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வேலை இல்லாத எல்லாரும் என் காலைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் என் காலைப் பார்க்கவில்லை.

மெட்டிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, சின்ன கிரைண்டரால் வெட்டினார்கள். தீப்பொறி பறந்தது. இவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினார். வெட்டுகிற பையன் நிறுத்தி நிறுத்தி, சாக்கிட் தாக், வலிக்கிறதா என்று என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? வலி தெரியாது என்றேன். அவன் பயந்துவிட்டான். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இவரைப் பார்த்துத்தான் கேட்டான். இவர் குனிந்து பார்த்து, சரி என்பார், அவன் வெட்டுவான். என் வலியை இவர் பார்த்துக்கொண்டார்.

இரண்டு பக்கம் வெட்டியதும் பையன் குறடை இவர் கையில் கொடுத்தான். தோல் கிழியாமல் விரித்தார். வந்துவிட்டது. போட்டவரே எடுத்தார், அதுவும் என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு. நான் அழுதேன். வலி என்று நினைத்து அத்தனை பேரும் பதறிப் போனார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில், குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னேன். "அது புதன்கிழமை குழம்பு" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

பைசால் காந்தத்தைக் காலில் தடவினான். சத்தம் இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

உள்ளே படுத்தால் டமடம, கடகட, நங்நங் என்று ஒரே இடி. பயப்படுவேன் என்று காதில் அடைப்பான் கொடுத்தார்கள். எனக்கென்ன பயம்? ஜெலாப்பாங்கில் இவருடைய பெங்கெல் பட்டறையில் புல்வெட்டி மெஷின்களை ரிப்பேர் செய்யும்போது மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறவள் நான். அதைவிட இது தேவலை. ஆனால் சாமியை மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே வந்து நின்ற டாக்டரின் கைதான் கண்ணுக்குள் நின்றது.

ஏப்ரல் 22

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஏப்ரல் 23

இவர் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலே, இவ்வளவு நாள் உன்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மெட்டியைத்தான் பார்த்தேன். நீ இருந்துடு.

ஏப்ரல் 24, வியாழன்

இருக்கிறது. கால் இருக்கிறது.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். புண்ணுக்கு நேர் கீழே இரண்டாம் விரல் எலும்பு. மற்ற விரல் எலும்புகள் எந்த நிறமோ அதே நிறம். கிருமி போயிருந்தால் அது மட்டும் வேறு மாதிரி தெரியுமாம். புண் தோலோடும் சதையோடும் நின்றுவிட்டது. வெளிச்சமாகத் தெரிந்ததெல்லாம் நடுப்பாதத்தில், ஒரு எலும்பு இல்லை, மூட்டைச் சுற்றிச் சுற்றி நிறைய இடத்தில். புண்ணுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரத்தப் பரிசோதனையும் அதற்கு ஒத்து வருகிறது என்றார்.

"சார்கோதான் அம்மா. வெட்டிற வேலை இல்லை."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இவர் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, டாக்டர்தான் மெதுவாக உருவிக்கொண்டார். மெட்டியோடு படம் எடுத்திருந்தால் அந்த விரலை நம்பியிருக்க முடியாது, சந்தேகத்திலேயே கத்தி வைக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று குதித்தது யாராம்?

வெப்பம் பார்க்கிற துப்பாக்கி இருக்கிறதே, கோவிட் காலத்தில் நெற்றியில் பிடிப்பார்களே, அதை இரண்டு பாதத்திலும் பிடித்தார்கள். இடதுதான் ரொம்பச் சூடு. இரண்டும் ஒன்றாக ஆறுகிற வரைக்கும் மாவுக்கட்டு. விரல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி போடுவார்கள், புண்ணுக்கு மருந்து கட்ட.

மே 6

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு நல்ல காரணம்.

மே 19, திங்கள்

இவர் காலையில் எனக்குப் பதிலாகக் கேண்டீனுக்குப் போகிறார். பெங்கெலை மத்தியானம்தான் திறக்கிறார். ராக்காயி அக்கா போன் பண்ணி ஒரே புகார். பிள்ளைகள் கேட்டால் ரெண்டு கரண்டி போடுகிறாராம், கேட்காவிட்டாலும் போடுகிறாராம். "உன் புருஷன வெச்சு வியாபாரம் பண்ணா நாம தெருவுலதான் நிக்கணும்" என்றார். நிற்கலாம் அக்கா, எனக்குக் கால் இருக்கிறது என்றேன்.

ஜூன் 27

புண் மூடிவிட்டது. மிசி விரலைப் பிடித்துப் பாராட்டினார். இந்த வயதில் கால் விரலுக்குப் பாராட்டு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துப்பாக்கி பிடித்தார்கள். இன்னும் கொஞ்சம் சூடு. நடுவில் ஒரு நாள் நான் குசினிக்குக் கட்டோடு நடந்து போனதை இவர் டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். மெட்டி விஷயத்தை மட்டும் இத்தனை வருஷம் மறைக்கத் தெரிந்தது.

செப்டம்பர் 30

இரண்டு பாதமும் ஒரே சூடு. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய வளைவு வராது, பாதம் கொஞ்சம் தட்டைதான். அளவெடுத்துச் செய்த சப்பாத்து தருவார்களாம். படத்தில் விரல்களை எண்ணினேன். நடுவில் வெள்ளைக் கோடு எதுவும் இல்லை. வெறும் எலும்பு அவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் நினைத்தது.

அக்டோபர் 18, சனி

தினேஸ்வரி தீபாவளிக்கு வந்துவிட்டாள். சப்பாத்து கறுப்பு, பள்ளிக்கூட பிரிஃபெக்ட் மாதிரி இருக்கிறேனாம். இருக்கட்டும். பாசாரில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். மெதுவாகத்தான். வந்ததும் இவர் என் இரண்டு பாதத்தையும் தூக்கி அடியைப் பார்த்தார். தினமும் பார்க்கிறார், எனக்குத் தெரியாது என்பதால்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் சாமி மாடத்தில் ஒரு சிவப்புப் பொட்டலம். ஒரு ஜோடி மெட்டி. "இது அசல்" என்றார் இவர்.

காலில் இனிமேல் எந்த வளையமும் கூடாது என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கியிருக்கிறார். பஸ்ஸில் தொலைத்ததற்கு இப்போது பதில் வைக்கிறாராம்.

ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரி அட்டையைப் பிடித்துக்கொண்டு வெட்டின எஃகு மெட்டி நிற்கிறது, தினேஸ்வரி வாங்கித் தந்த டுரியான் பழ வடிவக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு. ஏப்ரலிலிருந்து அங்கேதான். விழுந்ததே இல்லை. சரி, அசலா என்று பார்ப்போம் என்று அந்தக் காந்தத்தில் புதிய மெட்டி ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கீழே விழுந்து, மேசைக்கு அடியில் புகுந்து, வாசல் வரைக்கும் உருண்டு ஓடிவிட்டது.

இவர் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எழப் பார்த்தார். உட்காருங்க என்றேன். நானே போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.